இழு, தள்ளு, ஏறு: அடுக்குமாடி வீட்டுக்குள் சின்னப் பிள்ளைகளின் ஆட்டம்

மழை பிடித்துக்கொள்ளும். புகைமூட்டம் வரும். கை, கால், வாய் நோய் என்று பாலர் பள்ளி பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும். அப்போதெல்லாம் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையை நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே வைத்துச் சமாளிக்க வேண்டும். "ஓட இடம் எங்கே இருக்கு?" என்பதுதான் பெற்றோர் சொல்லும் முதல் குறை. சிங்கப்பூரில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் சோபா, தொலைக்காட்சி மேசை, சாப்பாட்டு மேசை போக மிஞ்சும் தரை கொஞ்சம்தான்.

ஓட இடமில்லாதது பெரிய குறையே இல்லை. கனமானதைத் தள்ளுவது, இழுப்பது, தூக்கிச் செல்வது, ஏறி இறங்குவது, குனிந்து தவழ்வது என எல்லாவற்றுக்கும் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். ஓடும்போது பெரும்பாலும் கால்தான் உழைக்கும். கூடையைத் தள்ளும்போது கால், இடுப்பு, வயிறு, முதுகு, தோள் எல்லாம் சேர்ந்து உழைக்கும். கை கால் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு விசை போடுகிறோம் என்பதைத் தசையும் மூட்டும் மூளைக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன. கனமான வேலையில் அந்தத் தகவல் பலமாகப் போகிறது. கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய பிள்ளை மேலும் துள்ளுவதும், கூடை தள்ளிய பிள்ளை பல நேரம் அடங்கி உட்காருவதும் இதனால்தான் என்பார்கள் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள்.

எவ்வளவு நேரம் ஆட வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து இயங்க வேண்டும். மூன்று வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். மின்தூக்கிவரை நடப்பது, சோபாவில் ஏறி இறங்குவது, குளிக்கும்போது துள்ளுவது எல்லாமே கணக்கில் சேரும். வீட்டில் நீங்கள் திட்டமிட்டுச் செய்ய வேண்டியது பத்துப் பத்து நிமிடமாக மூன்று நான்கு முறைதான். இந்த வயதில் ஒரே ஆட்டத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே அதிகம். அதே வழிகாட்டுதல் தள்ளுவண்டியிலோ உயர நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்காரவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வீட்டில் அடைந்து கிடக்கும் நாளில் இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

முதலில் தரை

பிள்ளை வெறுங்காலோடு ஆட வேண்டும். பளபளப்பான தரையோடுகளிலும் வைனல் தரையிலும் காலுறை வழுக்கும். பாதம் தரையைப் பற்றினால்தான் சமநிலையும் வரும்.

அடுத்தது வாயில் போகும் சாமான். கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாயை எடுத்து வையுங்கள். அதற்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் ஆகாது. போத்தல் மூடி, பயறு, மணி, ஐந்து கல் ஆட்டத்துக்குத் தைக்கும் குட்டித் துணிப்பைகள் எல்லாம் இதில் அடக்கம். ஊதுபையும் வேண்டாம். வெடித்த ரப்பர்த் துண்டு தொண்டைக்குள் படிந்து மூச்சுவழியை அடைத்துக்கொண்டால் வெளியே எடுப்பது மிகக் கடினம். அதற்குப் பதிலாகக் காற்றடிக்கும் கடற்கரைப் பந்தைக் கொடுக்கலாம்.

துணிக்கூடை

ஒரே ஒரு சாமானைத்தான் பயன்படுத்த முடியும் என்றால் துணிக்கூடையை எடுங்கள். செவ்வகமாக, அகலமாக, விளிம்பு பிள்ளையின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில் வருகிற கூடையாக இருக்கட்டும். உயரமான வட்டக்கூடை சாயும். மிகத் தாழ்வான கூடையில் பிள்ளை குனிந்து குப்புற விழும்.

பலரும் கூடையைக் காலியாகக் கொடுத்துவிடுகிறார்கள். காலிக் கூடை வழுவழுத் தரையில் பிள்ளையின் காலைவிட வேகமாக ஓடும். உடம்பு முன்னே போகும், கால் பின்னே நிற்கும், முகவாய் தரையில் இடிக்கும். அதனால் 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் இரண்டை நிரப்பி, மூடியை நன்றாக முறுக்கி, கூடையின் அடியில் நடுவாகப் படுக்கவைத்து அவற்றின்மேல் துணியைப் போடுங்கள். போத்தலோடு கனம் ஏறக்குறைய மூன்று கிலோ வரும். நிற்கவைத்தால் போத்தல் சாய்ந்து உருளும், கூடையும் ஒரு பக்கமாக இழுக்கும்.

கனம் சரிதானா என்பதைப் பிள்ளையின் உடம்பே காட்டும். உடல் லேசாக முன்சாய்ந்து, கூடை மெதுவாக நகர்ந்தால் சரி. கூடை பறந்தால் இன்னொரு போத்தல் சேருங்கள். பாதம் வழுக்கினாலோ, பிள்ளை மூச்சைப் பிடித்து முக்கினாலோ ஒன்றை எடுத்துவிடுங்கள். இப்போதுதான் நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு ஒரு போத்தலில் ஆரம்பிக்கலாம். கூடை ஓடாதபடி முன்பக்கம் உங்கள் கையை வைத்துக்கொள்ளுங்கள்.

கூடைக்கு அடியில் பழைய துவாலை ஒன்றை விரித்து, அதன் முனைகளைக் கைப்பிடி ஓட்டைகளில் முடிந்துவிட்டால் தரையில் கீறல் விழாது, சத்தமும் வராது. நுரைப்பாய்மேல் கூடை நகராது, வெறுந்தரைதான் வேண்டும்.

இழுக்கும் ஆட்டத்துக்குக் கயிறு கட்டாதீர்கள். நீளக் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கைப்பிடி ஓட்டையில் தடிமனான துவாலை ஒன்றை நுழைத்து, இரண்டு முனையும் சேர்ந்து ஒரு சாண் நீளம் வெளியே நிற்கும்படி முடிச்சுப் போட்டால் போதும். பின்னோக்கி நடந்து இழுப்பது முன்னோக்கித் தள்ளுவதைவிடக் கடினம், இரண்டு வயதை ஒட்டித்தான் கைகூடும். பின்னால் நாற்காலி முனை இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஆட்டமாக வைப்பதைவிட வேலையாகக் கொடுப்பது மேல். அறையிலிருந்து சலவை இயந்திரம்வரை துணியைக் கொண்டுபோவது, அங்கே ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போடுவது, காலிக் கூடைக்குள் மறுபடி போத்தலை வைத்துத் திரும்பத் தள்ளிவருவது. இந்த வயதுக்காரர்களுக்குப் பெரியவர்களின் வேலையைவிடச் சுவையான பொம்மை கிடையாது. சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் அடுப்பு அணைந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். வேலை முடிந்ததும் இயந்திரத்தின் கதவை மூடிவையுங்கள். உள்ளே ஏறிப் பார்க்கும் வயது இது.

கடையிலிருந்து வந்த சாமானை எடுத்துவைப்பதும் இதே வகைதான். பத்துக் கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு கிலோவரை தூக்கலாம். அரிசிப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டு இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கண்ணாடிப் புட்டிகளை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

தலையணை மலை

தரையில் மடிப்பு மெத்தை ஒன்றை விரியுங்கள். அதன்மேல் பொல்ஸ்டர் (நீள உருளைத் தலையணை) இரண்டு, சோபா மெத்தை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே கனத்த போர்வை. போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மூடாமல் விட்டால் இரண்டு தலையணைக்கு நடுவே பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். சாட்டின் உறை போட்ட தலையணையைத் தவிர்த்துவிடுங்கள். அடுக்கு நழுவினால் இடையில் யோகா பாயை வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

ஒன்றரை வயதுக்குக் கீழே மலையின் உயரம் பிள்ளையின் முழங்காலைத் தாண்டக் கூடாது. இரண்டு வயதில் இடுப்புவரை போகலாம்.

ஏறுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, இறங்குவதைத்தான் சொல்லித்தர வேண்டும். சின்னப் பிள்ளைகள் தலையை முன்னே நீட்டித்தான் இறங்கப் பார்ப்பார்கள். பிள்ளையின் இடுப்பைப் பிடித்து, குப்புறப் படுக்கும்படி திருப்பி, ஒரு பாதத்தை மெல்ல இழுத்துத் தரையைத் தொடவையுங்கள். பாதம் தரையை உணர்ந்ததும் மற்றக் கால் தானாக வரும். ஒவ்வொரு தடவையும் "திரும்பு, கால் கீழே" என்று அதே சொற்களைச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் பிள்ளை தானே திரும்பிக்கொள்ளும். கட்டிலிலிருந்தும் அப்படியே இறங்கும்.

மலைக்கும் சுவருக்கும், மலைக்கும் மேசை முனைக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர் விடுங்கள். சன்னல் பக்கம் கட்டவே கூடாது. நம் வீடுகளில் சன்னலுக்கு அடியில் சோபா போடுவது வழக்கம். தலையணை படிக்கட்டாகும் என்று கண்டுபிடித்த பிள்ளை அதைச் சோபாவுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஏறும் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்பே சன்னல் கம்பிக்கதவைப் பூட்டுங்கள், சோபாவை நகர்த்துங்கள், இழுப்பறை அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள். ஆட்டம் முடிந்ததும் பொல்ஸ்டர்கள் அறைக்குள் போக வேண்டும், கதவும் சாத்த வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது.

மலைமேலேயே பிள்ளை கண்ணயர்ந்தால் தூக்கிக்கொண்டுபோய் வழக்கமான படுக்கையில் கிடத்துங்கள். பக்கத்தில் கைக்குழந்தை இருந்தால், அதை இந்தத் தலையணைக் குவியலில் ஒரு நிமிடம்கூடப் படுக்கவைக்காதீர்கள்.

குகை

சாப்பாட்டு நாற்காலி மூன்றை வரிசையாக வைத்து மேலே படுக்கை விரிப்பைப் போட்டால் குகை. விரிப்பு விழாமலிருக்கப் பலரும் மேலே கனமான புத்தகத்தையோ ஜாடியையோ வைக்கிறார்கள். உள்ளேயிருந்து பிள்ளை விரிப்பை இழுத்தால் அது தலையில் விழும். துணிக் கவ்விகளால் நாற்காலி முதுகோடு கவ்விவிடுங்கள். குகை ஒரு மீட்டரைவிட நீளமாக இருந்தால் முதலில் பயப்படுவார்கள். மறுமுனையில் உங்கள் முகம் தெரிய வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் குகைக்குள் சூடு சீக்கிரம் ஏறும் என்பதால் இரண்டு முனையும் திறந்திருக்கட்டும், மின்விசிறி ஓடட்டும். அட்டைப்பெட்டியைக் குகையாக்கினால் உலோக ஊசிகளையும் ஒட்டுநாடாவையும் பிய்த்துவிட்டுக் கொடுங்கள்.

தரையில் கோடு

மாஸ்கிங் டேப்பால் இரண்டு மீட்டர் நீளத்துக்கு இரண்டு இணைகோடுகள் போடுங்கள். நடக்கப் பழகும் பிள்ளைக்கு நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி. தடுமாறாமல் போகத் தொடங்கியதும் 15 சென்டிமீட்டராகக் குறையுங்கள். ஒற்றைக் கோட்டில் நடப்பது மூன்று வயதுக்கு மேல்தான். கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து நடக்கவைத்தால் அதே பாதை கடினமாகிவிடும். ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருப்பதற்குப் பதில் இப்படி ஒன்றில் ஒரு சிறு மாற்றம் செய்தாலே பிள்ளைக்குப் புதிதாகத் தெரியும்.

டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். வெயில் படும் தரையில் சில நாள் கிடந்தால் பசை இறுகிவிடும். தரையை ஒட்டியபடி மெதுவாக மடக்கி உரிக்க வேண்டும், மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கக் கூடாது. மிஞ்சிய பசையைச் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். எண்ணெயை அப்படியே விட்டால் அடுத்து வழுக்குவது நீங்கள்தான்.

கோட்டைத் தாண்டிக் குதிக்கச் சொல்வது பலருக்குப் பிடித்த ஆட்டம். ஆனால் இரண்டு காலையும் சேர்த்துத் தரையை விட்டு எழும்புவது இரண்டரை வயதை ஒட்டித்தான் வரும். அதற்கு முன்னால் பிள்ளை முழங்காலை மடக்கி, "குதிச்சேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். அதுவும் நல்ல பயிற்சிதான். உதவுவதாக நினைத்து முன்கையைப் பிடித்து மேலே தூக்காதீர்கள். ஒன்று முதல் நான்கு வயதுவரை முழங்கை மூட்டின் எலும்பு தசைநாரிலிருந்து எளிதில் நழுவிவிடும். எலும்பு நழுவியதும் பிள்ளை அந்தக் கையை லேசாக மடக்கி உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அசைக்காது. வீக்கமும் இருக்காது. அப்படியானால் நீங்களாக நீவிவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தூக்குவதென்றால் அக்குளுக்கு அடியில் பிடித்துத்தான்.

எறிவது, உருட்டுவது

காலுறைகளைச் சுருட்டினால் பந்து, கூடைதான் குறி. ஒன்றரை வயதுப் பிள்ளை கூடைக்குப் பக்கத்தில் நின்று உள்ளே போடும், அவ்வளவுதான். இரண்டு வயதில் அரை மீட்டர் தள்ளி நிறுத்தலாம். 500 மில்லிலிட்டர் போத்தல் ஆறில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி அடுக்கினால் பந்து உருட்டி வீழ்த்தும் ஆட்டம். தண்ணீர் இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றுக்கே எல்லாம் சாய்ந்துவிடும். முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் இதுதான் வசதி. பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து உருட்டிவிடலாம். எடுத்துவர ஓடுவது பிள்ளையின் பாடு.

வாளித் தண்ணீர் விளையாட்டைப் பற்றி ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில்கூடச் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமே வராது. கை எட்டும் தூரத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், ஏடிஸ் கொசுவுக்கும் இடம் கிடைக்காது.

கீழ்வீடும் சத்தமும்

அடுக்குமாடியில் பேச்சைவிடக் குதிகால் அதிர்வுதான் கீழே கேட்கும். இரவு 10 மணி முதல் காலை 8 மணிவரை அமைதி நேரம் என்று அறிவுறுத்தப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் குதிப்பது, பந்து தட்டுவது வேண்டாம். மற்ற நேரத்தில் குதிப்பதை நுரைப்பாய்மேல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர்ச் சதுரத் துண்டு பன்னிரண்டு சேர்ந்தால் நாலு சதுர மீட்டருக்குச் சற்று மேல் வரும், இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. எழுத்தும் எண்ணும் தனியாகக் கழன்று வரும் பாயை வாங்காதீர்கள், அந்தத் துண்டுகள் நேராக வாய்க்குப் போகும். நம் ஈரப்பதத்தில் பாய்க்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு தடவை தூக்கித் துடைத்து, இரண்டு பக்கமும் காயவிட வேண்டும்.

புகைமூட்ட நாளில் காற்றுத்தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை. சன்னலை மூடிவிட்டால் வீட்டுக்குள் வெக்கை. அன்றைக்கு மூச்சு வாங்கும் ஆட்டத்தை விட்டுவிட்டு, குகை, உருட்டல் போன்ற நிதானமானவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை, கால், வாய் நோயில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளிலும், தண்ணீர் குடிக்க மறுக்கும் நாளிலும் எந்த ஆட்டமும் வேண்டாம். காய்ச்சல் விட்டு, பள்ளிக்குப் போகவும் முடியாமல் வீட்டை இரண்டாக்கும் அந்த நாலைந்து நாளுக்குத் துடைத்துக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் சாமான்களைக் கொடுங்கள். தலையணை உறையை மற்றப் பிள்ளையோடு பகிரவிடாதீர்கள்.

அடங்காமல் போனால்

சிரிப்பு கீச்சிடலாக மாறுவது, பொருள்மேல் மோதுவது, கடிப்பது எல்லாம் ஆட்டம் எல்லை மீறியதன் அடையாளம். அப்போது "போதும், உட்கார்" என்றால் நடக்காது. வேகத்தை எடுத்துவிட்டுக் கனத்தை வையுங்கள். கூடையில் ஒரு போத்தல் கூட்டுங்கள், அல்லது சுவரை இரண்டு கையாலும் தள்ளி "வீட்டை நகர்த்த"ச் சொல்லுங்கள். முதுகில் உப்பு மூட்டை தூக்கி அறைவரை மெதுவாக நடந்தாலும் பிடிமானத்துக்கே பிள்ளையின் கையும் வயிறும் உழைக்கும். தூங்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து இப்படிப்பட்டவை மட்டும் போதும்.

"நில்" ஆட்டத்தையும் நடுநடுவே சேருங்கள். நடக்கும்போது திடீரென்று "நில்!" என்றால் எல்லாரும் சிலையாக வேண்டும். பெரியவர்களும்தான். சிரிப்போடு பழகிய இந்தச் சொல் வாகன நிறுத்துமிடத்திலும் மின்தூக்கிக் கதவருகிலும் வேலை செய்யும். ஏறு, இறங்கு, தள்ளு, இழு, குனி என்ற வினைச்சொற்களை அசைவு நடக்கும் அந்த நொடியிலேயே தமிழில் சொன்னால், ஆங்கிலம் அதிகம் கேட்டு வளரும் பிள்ளைக்கும் அவை பாடம் நடத்தாமலே ஒட்டிக்கொள்ளும்.

எந்தப் பிள்ளை எப்போது எதைச் செய்யும் என்பதில் மாதக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். ஆனால் 18 மாதம் ஆகியும் பிடிக்காமல் நடக்கவில்லை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால், பலதுறை மருந்தகத்தில் 18 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது தாதியிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். முன்பு செய்ததை விட்டுவிட்டது என்றால் தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காமல் உடனே போங்கள். போகும்போது கைத்தொலைபேசியில் பிள்ளை கூடை தள்ளுவதையோ சோபாவிலிருந்து இறங்குவதையோ அரை நிமிடம் படமெடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவர் அறையில் மடியை விட்டே இறங்காத பிள்ளையைவிட அந்தக் காணொளி அவருக்கு அதிகம் சொல்லும்.